பேராதனைப் பாலமும் தவளக்காரரும்

கொழும்பு–கண்டி வீதி பேராதனையில் மகாவலியைக் கடக்கிறது. 1833இல் அங்கே ஒரு மரப்பாலம் எழுந்தது. வடிவமைத்தவர் லெப்டினன்ட் கேணல் பிரேசர். முழுக்க முதிரை மரம். 205 அடிக்கு ஒரே வளைவு. ஆற்றுக்குள்ளே தூணே கிடையாது. 1905இல்தான் இரும்புப் பாலம் அதன் இடத்துக்கு வந்தது.

கண்டி மன்னர்கள் இப்படியொரு பாலத்தை விரும்பவில்லை. காடும் மலையும் ஆறும்தான் அவர்களுக்குக் கோட்டை. ஆனாலும் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற வேண்டும், பாக்கு கரைக்கு இறங்க வேண்டுமே! பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டி அதைச் செய்தவர்களில் நம்மட ஆக்கள் முக்கியமானவர்கள். 'மடிகே பத்த' என்ற அரச போக்குவரத்துப் பிரிவிலும் அவர்களுக்கு இடமிருந்தது.

பொதிமாட்டுக்கு ஒற்றையடிப் பாதையும் ஆற்றுத்துறையும் போதும். வண்டிச் சக்கரத்துக்கோ வீதியும் பாலமும் வேண்டும். 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர் படைக்காக வீதி திறந்தார்கள்; பின்னர் அதிலே கோப்பி இறங்கியது. அந்த வீதியில் தவளத்தின் வேலை மெல்ல மெல்ல மாட்டுவண்டிக்குக் கைமாறியது.

பாலம் கட்டியவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. தவளக்காரரின் தடத்தையும் ஏட்டில் ஏற்ற வேண்டாமா? மலையக முஸ்லிம் ஊர்களில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.