சதுரங்கத் தொடக்கமும் கணினியின் எல்லையும்

சதுரங்க ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே ஆராய்ந்து தொகுத்துவைத்தல் ஆட்டக்காரரின் நெடுங்கால மரபாகும். கணினியின் வருகையால் அம்மரபு எவ்வாறு மாறியது என்பதையும், கணினியின் ஆராய்ச்சி எவ்விடத்தில் எல்லைகொள்கின்றது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

முன்னாளில் இத்தொகுப்புகள் குறிப்பேடுகளிலேயே வளர்ந்தன. 1966 முதல் பெல்கிறேட் நகரிலிருந்து வெளிவந்த 'செஸ் இன்போர்மன்ற்' போன்ற வெளியீடுகள் கைக்கெட்டியவர்க்கே அயல்நாட்டுப் புதிய ஆட்டங்கள் தெரியவந்தன. 1987 அளவில் ஜேர்மனியில் தோன்றிய 'செஸ்பேஸ்' என்னும் தரவுத்தளம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஒருங்கே தேட வழிசெய்தது. பின்னர் சதுரங்க நிரல்கள் வலுப்பெறவே, நிலைகளை மதிப்பிடுவதும் கணினியின் பணியாயிற்று.

எனினும் அம்மதிப்பீடு முடிந்த தீர்ப்பன்று. ஆடத்தக்க ஆட்டங்களின் தொகை 1 இன் பின் 120 சுழியங்கள் இட்டாற்போன்ற பேரெண் எனக் குளோட் சனன் 1950 இல் கணித்தார். இரு அரசர்களையும் சேர்த்து ஏழு காய்களுக்கு மேற்படாத இறுதிநிலைகளே இதுவரை முற்றாகத் தீர்க்கப்பட்டுள்ளன. 32 காய்களும் நிற்கும் தொடக்கத்திலோ, கணினி குறித்த ஆழம்வரை நோக்கி, அதற்கப்பால் மதிப்பீட்டினையே நம்புகின்றது.

இவ்வெல்லை 2004 இல் சுவிற்சர்லாந்தின் பிறிசாகோவில் நடைபெற்ற உலகப்பட்டப் போட்டியில் வெளிப்பட்டது. எட்டாம் ஆட்டத்தில் விளாடிமிர் கிராம்னிக், கணினியின் துணையோடு ஆயத்தஞ்செய்த வழியிற் சென்று, இராணியை இழந்து காலாளொன்றை முன்செலுத்தினார். பீற்றர் லேகோ ஆட்டப் பலகையின் முன்னிருந்தே சிந்தித்து, 25 ஆம் நகர்விற் தம் இராணியை எதிரியின் பகுதிக்குட் செலுத்தி வென்றார். ஆயத்தத்தின்போது கணினியின் ஆராய்ச்சி உரிய ஆழம்வரை செல்லவிடப்படாமையே பிழைக்குக் காரணமாயிற்று.

நான்காண்டுகளின் பின், 2008 இல் பொன் நகரில், சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் அதே கிராம்னிக்கை எதிர்கொண்டார். அரசனுக்கு முன்னுள்ள காலாளை முதலில் நகர்த்தும் தம் வழக்கத்தை விடுத்து, இராணிக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தினார். கறுப்புக் காய்களுடன் ஆடிய மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில், அதிகம் ஆடப்படாத ஒரே சிக்கலான வழியில் இருமுறையும் வென்றார். போட்டி 6½–4½ என முடிந்தது. கிளைகளைச் சரிபார்த்தல் கணினிக்கு இயலும். எத்தகைய நிலை எதிரியைத் தடுமாறச் செய்யும் என்று தெரிந்தெடுத்ததோ மனித அறிவே.

2008 இல் வெளிவந்த 'ஸ்ரொக்பிஷ்' நிரல் இன்று எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஒருகால் தலைநகரங்களின் நூலகங்களிலும் கிடைத்தற்கரிதாயிருந்த ஆய்வினை, இரத்தோட்டை போன்ற மலையடி ஊரின் மாணவனும் கைப்பேசியிற் பெறலாம். இது போற்றற்குரிய சமத்துவமே. ஆயின் எதிரியிடமும் அதே நிரல் இருத்தலின், மனனஞ்செய்த நகர்வுகள் மட்டும் வெற்றி தாரா. எதிரி எதிர்பாராத நகர்வொன்றை ஆடிய கணத்தில், ஒவ்வொரு நகர்வின் காரணத்தையும் உணர்ந்தவனே தொடர்ந்து ஆடவல்லவனாவான்.