உரிமமும் காப்பீடும்: பம்பாய்த் தமிழர் அறிய வேண்டிய ஒரு வரலாறு

பிறந்த ஊரில் வாழ்பவனை ஊரே அறியும். அவன் இன்னார் மகன், இன்ன தெருவினன் என்று சொல்ல நூறு சாட்சிகள் உளர். பிழைப்பு நாடிப் பிற மாநிலம் புகுந்தவனுக்கோ அச்சாட்சியம் கூறுவன காகிதங்களே. ரேஷன் கார்டு, வாடகை ரசீது, வாக்காளர் பட்டியல் என்று நீளும் அவ்வரிசையில், மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்க்கு மேலும் இரண்டு உண்டு. லைசென்ஸ் எனப்படும் ஓட்டுநர் உரிமம் ஒன்று. இன்ஷூரன்ஸ் எனப்படும் காப்பீட்டுப் பத்திரம் மற்றொன்று.

தாராவிக்குத் தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையினர் வந்த கதையையும், மாதுங்காவில் தென்னாட்டாரின் பள்ளிகளும் பஜனை மடங்களும் எழுந்த கதையையும், செம்பூரில் இசையும் நாட்டியமும் தழைத்த கதையையும் நாம் பெருமையோடு பேசி வருகிறோம். வண்டியின் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் இவ்விரு காகிதங்களின் கதையைப் பேசுவார் அரியர். எனினும், ஒரு குடும்பம் நிலைகுலைந்து நிற்கும் நாளில் அதனைத் தாங்குவதும் கைவிடுவதும் இவையே. இடத்தோடு கட்டுண்டு கிடந்த சட்டம், ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதனோடு நடக்கக் கற்றுக்கொள்ள எண்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

சட்டத்தின் தொடக்கம்

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ஆம் ஆண்டு பிறந்தது. வண்டியைப் பதிவு செய்தலும், ஓட்டுபவன் உரிமம் பெறுதலும் அதன் நோக்கங்கள். விபத்தில் சிக்கியவன் கதி யாதென்று அச்சட்டம் கேட்கவில்லை. மோட்டார் வண்டி செல்வர் சிலரின் உடைமையாக இருந்த காலம் அது. அடிபட்டவன் சிவில் நீதிமன்றம் ஏறி வழக்காட வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டியுடையோர் ஒவ்வொருவரும் பிறர்க்கு விளையும் தீங்குக்காகக் காப்பீடு செய்தே தீர வேண்டும் என்று விதித்தது. அவ்வழியைப் பின்பற்றி எழுந்ததே இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். எனினும் அதன் காப்பீட்டு அத்தியாயம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. உலகப் போர் முடிந்த பின், 1946 ஜூலை 1 அன்றுதான் அது உயிர் பெற்றது. அன்று முதல் காப்பீடு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுதல் குற்றமாயிற்று.

இக்காப்பீட்டின் இயல்பை நம்மவர் பலர் இன்றும் சரிவர உணர்வதில்லை. சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு, வண்டிக்கோ வண்டிக்காரனுக்கோ உரியதன்று. வண்டிக்காரன் ஒருவன், காப்பீட்டு நிறுவனம் மற்றொன்று, இவ்விருவரும் அல்லாத மூன்றாமவன், அதாவது சாலையில் அடிபட்டவன், பயன் பெறுவதற்காகவே அது ஏற்பட்டது. ஆதலின் அதனைத் தேர்டு பார்ட்டி காப்பீடு என்கிறார்கள்.

வண்டிகள் வந்த காலம்

விடுதலைக்கு முன் பம்பாய்க்கு வந்த தமிழ் எழுத்தர்க்கும் சுருக்கெழுத்தர்க்கும் டிராமும் மின்சார ரயிலுமே துணை. தாராவித் தொழிலாளிக்குக் கால்களே வாகனம். 1950-களில் நிலை மாறத் தொடங்கிற்று. பம்பாய்ப் புறநகரான பாண்டுப்பில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் உருவாயிற்று. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955-இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூடி, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தனர். 1964 மார்ச் 31 அன்று பம்பாயின் கடைசி டிராம் ஓடி ஓய்ந்தது. அதன்பின் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அயல்நாட்டில் உறவினர் இருந்து அந்நியச் செலாவணி அனுப்பினால் வரிசையில் முந்தலாம் என்னும் சலுகையும் அந்நாளில் இருந்தது.

வண்டி பெருகவே விபத்தும் பெருகிற்று. சிவில் வழக்கின் செலவையும் தாமதத்தையும் ஏழைகள் தாங்கார் என்றுணர்ந்த நாடாளுமன்றம், 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் இரண்டு முட்கள் இருந்தன. விபத்து நடந்த இடத்திற்குரிய தீர்ப்பாயத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. அம்மனுவை 60 நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இக்கெடு 1969-இல் ஆறு மாதமாக நீட்டப்பட்டது.

இவ்விரு முட்களும் யார் காலில் தைத்தன என்று எண்ணிப் பார்ப்போம். மாதுங்காச் சாலையில் அடிபட்டு இறந்தவனின் மனைவி அம்மாதுங்காவிலேயே இருப்பாளாயின் அவளுக்குத் தீர்ப்பாயம் தொலைவன்று. இறந்தவன் தாராவியில் ஒண்டியாய்த் தங்கி மாதந்தோறும் மணியார்டர் அனுப்பி வந்தவனாயின், அவனை நம்பியிருந்த தாயும் மனைவியும் திருநெல்வேலிக்கு அருகே ஏதோ ஒரு சிற்றூரில் இருப்பர். இழவுச் செய்தி வந்து, கருமாதி முடிந்து, ஆள் பிடித்து, நாள் கணக்கில் ரயில் ஏறி, மொழி தெரியாத நகரில் வக்கீலைத் தேடி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் மீண்டும் வருதல் இயலுமா? உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதனைப் பெறும் வாயில் ஆயிரம் கல் தொலைவுக்கு அப்பால் இருந்தது. புலம்பெயர்ந்த ஏழைக்கு அவ்வுரிமை பெயரளவில் நின்றது.

குற்றம் நிறுவாமல் உதவி

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நான்கனுள் ஒடுங்கின. அவற்றுள் நியூ இந்தியா பம்பாயையும், யுனைடெட் இந்தியா சென்னையையும் தலைமையிடமாகக் கொண்டன. நிறுவனம் அரசினதாயினும், வண்டியோட்டியின் கவனக் குறைவை மெய்ப்பித்தால்தான் இழப்பீடு என்னும் நிலை மாறவில்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் போன்றோர் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து இக்குறையை எடுத்துரைத்தனர். 1982-ஆம் ஆண்டுத் திருத்தம், தவறு யாருடையது என்று பாராமலே இறந்தவர் குடும்பத்திற்கு 15,000 ரூபாயும், நிலையாக உடற்குறை அடைந்தவருக்கு 7,500 ரூபாயும் கிடைக்கச் செய்தது. தொகை சிறிது; அதன் பின்னிருந்த கொள்கை பெரிது.

1988-ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரில் பெற்ற ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்று அச்சட்டம் தெளிவுபடுத்தியது. ஆதலின் மதுரையில் லைசென்ஸ் பெற்றவர் மும்பையில் வண்டி ஓட்டத் தடையில்லை. வண்டியின் செய்தி வேறு. பிற மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்தின் புதிய எண் பெற வேண்டும், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்று கொண்டுவர வேண்டும். புதிய மாநிலத்தின் வரியையும் செலுத்த வேண்டும். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். டி.என். எழுத்துத் தாங்கிய வண்டியை ரயிலேற்றிக் கொண்டுவந்த நம் இளைஞர் எத்தனையோ பேர் இவ்விதிகளைச் சாலையில் காவலர் நிறுத்திய பின்னரே அறிந்தனர்.

1994: வாயில் திறந்தது

நம்மைப் போன்றோர்க்கு மிகப் பெரிய மாற்றம், பலரும் அறியாமலே, 1994 நவம்பர் 14 அன்று வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்னும் கட்டை அவிழ்த்தது. விபத்து நடந்த இடத்திலோ, இழப்பீடு கோருபவர் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, எங்கு வேண்டுமாயினும் மனுச் செய்யலாம் என்றாயிற்று. தேர்வு கோருபவருடையது. கால வரம்பும் அப்போது நீக்கப்பட்டது.

இதன் பொருளை உணர்க. தாராவியில் மகனை இழந்த தாய் இனித் திருநெல்வேலியிலேயே வழக்காடலாம். நெல்லைச் சாலையில் கணவனை இழந்த செம்பூர்ப் பெண் மும்பையிலேயே வழக்காடலாம். உச்ச நீதிமன்றமும் இவ்விதியை ஏழைகளின் பக்கம் நின்றே பொருள் கொண்டது. 2008-இல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கிலும், 2016-இல் மகனை இழந்த வங்காளத் தாய் ஒருவரின் வழக்கிலும், இடத்தைக் காரணம் காட்டித் தீர்ப்பாயத்தின் முடிவைக் கவிழ்த்தல் தகாது என்று அது கூறிற்று. 2022 டிசம்பரில் மேலும் ஒரு தெளிவு பிறந்தது. இறந்தவரின் மனைவி ஒரு மாநிலத்திலும் பெற்றோர் மற்றொரு மாநிலத்திலும் தனித்தனியே மனுச் செய்திருப்பின், முதலில் செய்த மனுவே நிலைக்கும். ஏனையவை அங்கு மாற்றப்படும்.

எனினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நீக்கப்பட்ட கால வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதமாக மீண்டும் சட்டத்தில் ஏறியது. ஆதலின் துக்கத்திலும் நாளை எண்ண மறத்தல் ஆகாது.

காகிதத்தில் கவனம்

வாயில் திறந்திருந்தும், கையிலுள்ள காகிதம் பழுதாயின் பயன் குறையும். நீதிமன்றங்கள் உணர்த்திய உண்மைகள் சிலவற்றைக் குறிப்பிடுவது நம்மவர்க்கு உதவும்.

வண்டியோட்டியின் உரிமத்தில் குறை இருப்பினும், அடிபட்டவனுக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உடையவனிடம் வசூலிக்கலாம் என்னும் வழியை 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வகுத்தது. அடிபட்டவன் பிழைத்தான். ஆனால் லைசென்ஸ் இல்லாத தம்பி கையில் வண்டியைக் கொடுத்த அண்ணனின் சேமிப்பு முழுதும் அவ்வழியே போகக்கூடும்.

பின்னால் அமர்ந்து செல்பவரை வெறும் தேர்டு பார்ட்டி பத்திரம் காவாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. முழுமையான காம்பிரிஹென்சிவ் பத்திரம் அவரையும் காக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது. மனைவியைப் பின்னால் அமர்த்திச் செல்லும் கணவர் எந்தப் பத்திரம் வைத்திருக்கிறார் என்பதை இன்றே எடுத்துப் பார்ப்பாராக.

வண்டியை விற்றும் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாதவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்பது 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த செய்தி. ஊருக்குத் திரும்பும்போதும் வளைகுடா நாட்டுக்குச் செல்லும்போதும் அறை நண்பனிடம் ஸ்கூட்டரைக் கைமாற்றிச் செல்லும் நம் இளைஞர்க்கு இஃது இன்றியமையாத பாடம். முகமறியாத ஒருவன் பின்னாளில் செய்யும் விபத்துக்கு அவர்கள் பதில் சொல்ல நேரும்.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் குறித்துத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயமாயிற்று. முதல் ஆண்டு கட்டிவிட்டு மறந்துவிடும் வழக்கத்தை உடைத்த இவ்வாணை ஒரு தமிழரின் முயற்சியால் விளைந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அதே ஆண்டில் வண்டி உடையவரே ஓட்டும்போது நேரும் மரணத்திற்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான் அத்தொகை கிட்டும்.

2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். என்னும் பாரத எண் வரிசை வந்தது. மாநிலம் மாறினும் எண் மாறவேண்டாத இவ்வசதி, அரசு மற்றும் பொதுத் துறை ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவன ஊழியர்க்கும் உரியது. செம்பூரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றும் நம்மவர் இதனைப் பெறலாம். தாராவிப் பட்டறையில் உழைப்பவருக்கு இவ்வாயில் திறக்கவில்லை. அவருக்கு இன்றும் என்.ஓ.சி.யே கதி.

கடல் கடந்தோர்க்கு

இந்நகரிலிருந்து மேலும் கடல் கடந்து செல்வோர் பலர். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கே செல்லும். இந்திய உரிமத்தோடு சேர்த்தே அதனைக் காட்ட வேண்டும். அதில் மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ' என்னும் தனிப் பிரிவு உண்டு. கார் ஓட்டும் உரிமம் மட்டும் உடையவர் அதனைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட இயலாது. இந்தியக் காப்பீட்டுப் பத்திரமோ இந்திய எல்லைக்குள்ளேயே செல்லும். நேபாளம், பூட்டான், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய அண்டை நாடுகளுக்குத் தனிக் கட்டணம் செலுத்தி அதனை நீட்டலாம். ஏனைய நாடுகளில் அங்கங்குள்ள காப்பீட்டையே நாட வேண்டும்.

நம் கடமை

சட்டம் நம்மை நோக்கி நெடுந்தொலைவு நடந்து வந்துவிட்டது. எஞ்சிய சில அடிகளை நாம் நடக்க வேண்டும். உரிமத்தின் நாள் தீருமுன் புதுப்பித்தலும், முகவரியைத் திருத்தலும், விற்ற வண்டியின் பெயரை மாற்றலும், பத்திரத்தின் நகலை ஊரிலுள்ள வீட்டாரிடம் கொடுத்து வைத்தலும் அரிய செயல்கள் அல்ல. வண்டி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் தெரியாமல் தவிக்கும் முதிய பெற்றோர்க்கு அந்நகல் ஒன்றே கைவிளக்கு.

தமிழ்ச் சங்கங்கள் மொழியையும் கலையையும் வளர்ப்பதோடு, ஆண்டுக்கு ஒரு நாளேனும் வக்கீல்களையும் காப்பீட்டுத் துறை அன்பர்களையும் அழைத்துத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இக்காகிதங்களைச் சரிபார்த்துத் தருமாயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை. 1994-இல் திறந்த வாயில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் தெரியாமலே இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுப்பதற்குச் செல்வம் வேண்டா. அறிந்தவர் அறியாதவரிடம் சென்று அமர்ந்து பேசினால் போதும்.

வாழ்க தமிழர்! வளர்க அவர்தம் ஒற்றுமை!