கண் சிவத்தல்

விழியின் வெண்பகுதியை மூடிய மெல்லிய படலத்தின் இரத்தக் குழாய்கள் விரிவதால் தோன்றும் அறிகுறி, தனி நோயன்று. இதன் மிகப் பழகிய காரணம் ‘மெட்ராஸ் ஐ’ எனப்படும் வெண்படல அழற்சி. பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்குத் தாவும். நீர் வடியும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வீண் பயம். பரப்புபவை கையும் துண்டும் தலையணை உறையுமே. ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். குளிர்ந்த ஒத்தடம் போதும்.

மஞ்சள் பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து உதவும். அரிப்பே மிகுந்தால் ஒவ்வாமை. வலியின்றித் திட்டாகத் தெரியும் இரத்தச் சிவப்பு பார்க்கப் பயமுறுத்தினாலும் பொதுவாகத் தீங்கற்றது. இரு வாரத்தில் மறையும்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சக் கூச்சம், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை கருவிழிப் புண், யுவைடிஸ் (கண்ணின் உள் அழற்சி), திடீர்க் கிளாகோமா (கண் அழுத்த நோய்) போன்றவற்றின் அடையாளங்கள். வயல் வேலையில் நெல்தாளோ இலையோ கீறினால் பூஞ்சைப் புண் வரலாம். தென்னிந்தியாவில் இது அரிதன்று. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் புண் ஆழமாகி, பார்வையே போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் கண் சிவந்தால் உடனே அதைக் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.