தூனிஸில் கிடைத்த ஸலாம்

ஹிஜ்ரி 725, அதாவது கி.பி. 1325. ஹஜ்ஜை நாடி, மொராக்கோவின் டாஞ்சியர் நகரிலிருந்து தனியே புறப்பட்ட இப்னு பதூதாவுக்கு அப்போது வயது 21. பயணக் கூட்டமொன்றுடன் அவர் தூனிஸை அடைந்தபோது, நகரத்தார் எதிர்கொண்டு வந்து தத்தமக்கு அறிமுகமானோருக்கு ஸலாம் உரைத்தனர். அவரை அறிந்தவர் எவருமிலர். அரபு மொழி வழங்கும் ஊர்தான். ஆயினும் அவருக்கென ஒரு சொல்லும் வரவில்லை. இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் நெருங்கி ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டே உடன் வந்தார்.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் கூறுவதைச் சிறந்த செயலெனக் கற்பித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். தூனிஸ் மக்கள் முதற்பாதியோடு நின்றுவிட்டனர். நாமும் பெரும்பாலும் அப்படித்தான். மீஞ்சூரிலிருந்து ஜித்தாவுக்கோ துபாய்க்கோ செல்லும் நம் பிள்ளைகள் அங்குள்ளோரின் ஸலாமுக்கு ஏங்குகின்றனர். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்து, ஜும்ஆவில் கடைசி வரிசையில் அமரும் வடநாட்டுச் சகோதரரை நாம் பேசாமல் கடந்து செல்கின்றோம்.

அரபு நாட்டில் கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழைபவரே ஸலாமை முந்த வேண்டும். நலம் விசாரித்த பின்பே காரியம். முஸ்லிமல்லாத அரபியரும் அங்குண்டு. 'ஸபாஹுல் கைர்' என்ற காலை வாழ்த்தும் 'ஸபாஹுன் நூர்' என்ற மறுமொழியும் யாவர்க்கும் பொது.

தூனிஸில் அழுத அவ்விளைஞர், அதே ஆண்டு அங்கிருந்து மக்கா நோக்கிப் புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்குக் காழியானார். பின்னாளில் நம் சோழமண்டலக் கரையிலும் இறங்கினார். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் தம் பயணங்களைச் சொல்லி எழுதச் செய்தபோதும், அந்த ஹாஜியின் ஸலாமை அவர் விட்டுவிடவில்லை.