குத்தகைக் கலங்கள்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கிரேனை வாடகைக்கு எடுத்தால் ஓட்டுநரும் உடன் வருவார். விமானத் தொழிலிலும் இவ்வழக்கம் உண்டு. விமானம், விமானி, பராமரிப்பு, காப்பீடு அனைத்தையும் சேர்த்துப் பெறுவது 'வெட் லீஸ்'. விமானத்தை மட்டும் பல்லாண்டுக்குப் பெறுவது 'டிரை லீஸ்'. சொந்த விமானத்தை விற்று, வாங்கியவரிடமே குத்தகைக்கு எடுப்பது மற்றொன்று. எவ்வகையாயினும் உரிமை பிறர் கையில்.

இதை நாம் கப்பலிலேயே கற்றோம். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களையே ஓட்டியது. ஆங்கிலேயரின் நெருக்குதலால் உரிமையாளர் அவற்றைத் திரும்பப் பெற்றார். வ.உ.சி. கொழும்பு சென்று வேறொரு கப்பலை அமர்த்தினார்; பின்னரே காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன.

2005இல் தென்னகத்தில் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸும் குத்தகை எம்ப்ரேயர் விமானங்களையே நம்பியிருந்தது. விமான உரிமையாளர்களுடன் வழக்கு மூள, 2010இல் சேவை நின்றது.

2023இல் கோ ஃபர்ஸ்ட் நொடித்தபோது நிலைமை தலைகீழ்: உரிமையாளர்களே தம் விமானங்களை மீட்க ஏறத்தாழ ஓராண்டு நீதிமன்றத்தில் நின்றனர். 2025இல் அவர்கள் உரிமையைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வ.உ.சி. ஏன் சொந்தக் கப்பலுக்காக ஊர் ஊராகப் பங்கு திரட்டினார் என்பது நமக்கு இப்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது.