மணலும் கிணறும்

மண்கும்பான் என்னும் பெயரிலேயே மண் இருக்கிறது. வேலணைத் தீவின் இம்மணல் மேடுகள் மழைநீரை உள்வாங்கி, உவர்நிலத்தின் நடுவே நன்னீர்க் கிணறுகளைக் காத்து வந்தன. கட்டட வேலைக்கென மணலை அள்ளியவர்கள் அந்நீரின் இருப்பிடத்தையே அள்ளிச் சென்றனர்.

வேறு வழி இல்லையா? இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜேர்மன் நகரங்கள் இடிபாடுகளை அரைத்தே புதிய கட்டடக் கற்களை வார்த்தன. 2016இல் இந்திய அரசு, இடிபாடுகளிலிருந்து ஆக்கிய பொருள்களை அரசாங்க, நகராட்சி ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை கட்டாயமாக வாங்கும்படி விதி செய்தது. அரசே வாங்குமெனில் ஆலைகள் துணிந்து உற்பத்தி செய்யும் என்பதே அதன் நியாயம்.

ஆயினும், தோண்டிய மணல் மலிவாகக் கிடைக்கும்வரை இடிபாட்டை அரைக்க எந்த முதலாளி முன்வருவான்? மணலின் விலையில் உவர்ந்துபோன கிணற்றின் விலையும் சேரவேண்டும். சேராதவரை, அவ்விலையைக் கொடுப்பது ஏழையின் குடமே என்பதை நாம் மறத்தலாகாது.