வளவில் ஒரு சேதனத் தோட்டம்

2010இல் மீள்குடியேறியபோது எங்கள் வளவில் எஞ்சியிருந்தவை தூர்ந்த கிணறும் இரண்டு வேம்புகளும்தான். மிதிவெடி அகற்றியாயிற்று என்று உறுதிப்படுத்தும்வரை அம்மா எங்களை மண்வெட்டி தொடவிடவில்லை. முதல் மாரியில் யூரியா போட்டுக் கத்தரி வைத்தோம், செழித்தது. அடுத்த கோடையில் நிலம் ஓடுபோல இறுகிவிட்டது. பசளைக்குப் பட்ட கடன் மட்டும் மிஞ்சியது.

அதன்பிறகுதான் அம்மா தனக்குத் தெரிந்த முறைக்குத் திரும்பினார். ‘பேர்மகல்ச்சர்’ என்ற சொல்லை நான் பின்னர்தான் கேள்விப்பட்டேன். அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹொல்ம்கிரெனும் 1978இல் வெளியிட்ட நூலோடு பரவிய சொல் அது. விடயம் எங்களுக்குப் புதிதல்ல. சேனைப் பயிர்ச்செய்கையில் சோளன், பயறு, பூசணி என்று கலந்து விதைப்பது கிழக்கில் பழைய வழக்கம்; வாகரைப் பக்கத்துத் தமிழ் பேசும் வேடர் சமூகமும் சேனை செய்து வாழ்ந்ததுதான். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் பனையோலையையும் பூவரசங் குழையையும் மண்ணுக்குள் தாட்டார்கள்.

கூட்டெருவைக் குழியில் போடுவதா, குவியலாகப் போடுவதா என்பதைக் காலம் பார்த்துத் தீர்மானியுங்கள். கோடையில் குழி ஈரத்தைக் காக்கும். மாரியில் குழி குளமாகிவிடும், ஆகவே நிலத்துக்கு மேல் குவியுங்கள். சருகு, கிளிசரியாக் குழை, சாணம் என்று மாறிமாறி அடுக்கி, இடைக்கிடை புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் உக்கிவிடும். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்குவதால் நாற்றுமேடையைச் செப்டெம்பரிலேயே கிடுகு நிழலில் போட வேண்டும். மழை ஓய்ந்ததும் பாத்திகளை வைக்கோலால் மூடுங்கள். கிணற்றடிக் கழிவுநீரை வாழைக்கு விடுங்கள்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மாலையில் விசிறுங்கள். வெயிலில் விசிறினால் வீண்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியது. நெல் விளைச்சல் விழுந்தது. அதைக் காட்டிச் சேதனமே பொய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயல் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்று என்பவர்களோடும் இல்லை. மண் தேற ஆண்டுகள் பிடிக்கும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியில் தொடங்கிப் பாருங்கள், கடன்படத் தேவையில்லை.

விதைதான் கடினம். கடைப் பைக்கற்றுக் கலப்பினத்தில் எடுத்த விதை அடுத்தமுறை தாய்ச்செடிபோல வராது. இடப்பெயர்வில் எங்கள் வீட்டு விதைகள் எல்லாம் போய்விட்டன. இப்போதிருக்கும் பயிற்றையும் பாகலும் மட்டக்களப்பிலிருந்து சித்தி அனுப்பியவை. அம்மா அவற்றைச் சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து அடுப்படிப் பரணில் வைத்திருக்கிறார். கேட்டு வருபவர்களுக்கு ஒரு கைப்பிடி கொடுப்பார். காய்த்ததும் இரண்டு கைப்பிடி திருப்பித் தரவேண்டும்.